ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஆங்கிலம்: எந்த அறிகுறிக்கு என்ன மாற்றம்

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும், ஆட்டிசம் உள்ள 5 முதல் 11 வயதுக் குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது. பெற்றோர், வகுப்பாசிரியர், ஸ்பெஷல் எஜுகேட்டர் மூவருமே பயன்படுத்தலாம். உங்கள் குழந்தையிடம் தெரிகிற அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

"பதில் சொல்ல மாட்டேங்குது" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்று பார்க்காமல் அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஆங்கிலம் என்றால் எழுந்து ஓட வேண்டும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

காது. பேச்சு தாமதமான எல்லாக் குழந்தைக்கும் கேட்கும் திறன் சோதனை முடிந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிட்டு, காதுக்குள் நீர் கோத்திருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்து ஒத்துழைக்காத குழந்தைக்கு, தூங்க வைத்துக் காது கேட்பதைப் பார்க்கிற பெரா (BERA) சோதனை இருக்கிறது.

தமிழ். தனக்கு வேண்டியதைக் குழந்தை ஏதாவது ஒரு வழியில் கேட்கிறதா? வாயால்தான் என்றில்லை. படத்தை எடுத்துக் கொடுத்தாலும் சரி, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியில் தொட்டுக் காட்டினாலும் சரி. கேட்கவே இல்லையென்றால் முதல் வேலை அதுதான். ஆங்கிலம் அதோடு நாலைந்து வார்த்தையாக வரட்டும், தனிப் பாடமாக வேண்டாம்.

"ரெண்டு பாஷை குழப்பும், வீட்ல தமிழை நிறுத்திடுங்க" என்ற அறிவுரையை இன்றும் பல பெற்றோர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. 2012-இல் கனடாவிலிருந்து வெளியான ஆய்வும், அதற்குப் பின் வந்தவையும், இரண்டு மொழிக்கு நடுவே வளரும் ஆட்டிசக் குழந்தைகள் ஒரு மொழிக் குழந்தைகளைவிட அதனால் கூடுதலாகப் பின்தங்கவில்லை என்றே காட்டுகின்றன. தமிழை நிறுத்திய வீட்டில் நடப்பது வேறு. ஆங்கிலம் சரளமாக வராத அம்மா "சிட்", "கம்", "ஈட்" என்று கட்டளை மட்டும் போடத் தொடங்குகிறார். பாட்டி பேசுவதையே விட்டுவிடுகிறார். குழந்தையின் காதில் விழும் பேச்சின் அளவு சுருங்கிவிடுகிறது.

நேரம். ஒரு தடவைக்கு 5 முதல் 7 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒரே நேரத்தில் மூன்று புது வார்த்தைக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி கேட்டால் ஏழு, எட்டு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். தோல்வியே தொடர்ந்து வந்தால் எந்தக் குழந்தையும் உட்காராது.

கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறது

"டூ யூ வான்ட் பிஸ்கட்?" என்றால் "டூ யூ வான்ட் பிஸ்கட்" என்றே பதில் வருகிறது. இதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்காதீர்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இந்த எக்கோலாலியாவுக்குப் பல வேலைகள் உண்டு என்பதை அமெரிக்கப் பேச்சு, மொழி நிபுணர் பேரி பிரிசான்ட் 1980-களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். "ஆமாம், வேணும்" என்று சொல்லவும், "என் முறை வந்தாச்சு, நானும் பேசுகிறேன்" என்று காட்டவும், கேட்டதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கவும் குழந்தை இதைப் பயன்படுத்துகிறது. இந்தக் குழந்தை வாக்கியத்தை முழுத் துண்டாகப் பிடித்துக்கொள்கிறது. அதில் 'யூ' யார், 'ஐ' யார் என்று பிரித்துப் பார்க்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் மறைந்தே இருந்திருக்கும். "பிஸ்கட் வேணும்" என்றால் போதும், நான், நீ எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் "தமிழ்ல சரியாத்தானே பேசுறான், இங்கிலீஷ்ல மட்டும் ஏன் இப்படி" என்று தோன்றுகிறது.

செய்ய வேண்டியது: இரண்டு வாரத்துக்குக் கேள்வி கேட்பதையே நிறுத்துங்கள். பிஸ்கட்டைக் கண் மட்டத்தில் காட்டி, மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால், குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குழந்தையின் இடத்திலிருந்து நீங்களே சொல்லுங்கள்: "ஐ வான்ட் பிஸ்கட்." அதைத் திருப்பிச் சொன்ன அடுத்த நொடியே பிஸ்கட் கையில் இருக்க வேண்டும். திருப்பிச் சொல்லும் பழக்கமே இங்கே நமக்கு உதவுகிறது.

அடுத்த கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. அப்பா எதிரே உட்கார்ந்து மெல்லிய குரலில் கேட்கிறார். அம்மா குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, சற்று உரக்கப் பதிலைச் சொல்லிக் கொடுக்கிறார். கேட்பவரும் சொல்லித் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால், கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை. பிறகு அம்மாவின் உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்: முழு வாக்கியம், பின்பு "ஐ வா…" வரை, பின்பு வாயசைவு, கடைசியில் மௌனம்.

இன்னொன்று. பதில் வந்தவுடன் "குட் ஜாப்!" என்று சேர்க்காதீர்கள். ஒரே வாரத்தில் "ஐ வான்ட் பிஸ்கட் குட் ஜாப்" என்று கேட்பீர்கள், அதைப் பிரித்தெடுக்க மாதக்கணக்காகும். கைக்கு வந்த பிஸ்கட்டே பாராட்டுதான். "ப்ளீஸ்" சேர்ப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வியின் வரிசை மாறினால் பதிலும் மாறிவிடுகிறது

"வாட் இஸ் யுவர் நேம்?", "ஹவ் ஓல்ட் ஆர் யூ?", "வேர் டூ யூ லிவ்?" மூன்றுக்கும் டக் டக்கென்று பதில் வருகிறது. ஊரை முதலில் கேட்டால் பெயரைச் சொல்கிறது. குழந்தை கேள்வியைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். முதல் இடத்துக்கு ஒரு பதில், இரண்டாம் இடத்துக்கு ஒரு பதில் என்று வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. உறவினர் முன்னால் ஒப்பிக்க வைப்பதற்காகச் சொல்லிக் கொடுக்கும் வீடுகளில் இது கட்டாயம் வரும்.

வரிசையை முழுதாக உடையுங்கள். ஒரு வாரத்துக்குப் பெயர்க் கேள்வி மட்டும், அதுவும் வேறு வேலைகளுக்கு நடுவில்: மூக்கைத் தொடச் சொல்லுங்கள், பந்தை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பெயரைக் கேளுங்கள். அடுத்த வாரம் ஊர்க் கேள்வி தனியாக. அதன் பிறகே இரண்டையும் கலக்க வேண்டும். கலக்கும்போது கேள்விச் சொல்லுக்கு ஒரு நிற அட்டை வையுங்கள்: 'ஹூ' மஞ்சள், 'வேர்' பச்சை, 'வாட்' நீலம். ஆள்களின் படத்துக்கு மஞ்சள் ஓரம், இடங்களுக்குப் பச்சை ஓரம். கேள்வியைக் கேட்கும்போதே அட்டையைத் தொடுங்கள். நாலைந்து வாரத்தில் அட்டையை மெல்ல மேசைக்குக் கீழே இறக்கிவிடலாம்.

"ஹவ் ஆர் யூ?" என்றால் காய்ச்சலோடு படுத்திருக்கும்போதும் "ஐ ஆம் ஃபைன்" என்று வருவதும் இதே வகைதான். இது ஆபத்தானது. வலியை மறைத்துவிடும். இந்தப் பதிலைக் கற்றுக் கொடுப்பதற்கு முன் "இட் ஹர்ட்ஸ்" என்பதையும், வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவதையும் கற்றுக் கொடுங்கள். தமிழில் "வலிக்குது" வந்த பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள்.

யூடியூப் ஆங்கிலம் சரளம், தமிழ் வரவில்லை

தாய்மொழியில் நாலு வார்த்தை பேசாத குழந்தை, அமெரிக்க உச்சரிப்பில் நிறங்கள், கிரகங்கள், டைனோசர் பெயர்கள் எல்லாம் சொல்லும். திரையிலிருந்து மட்டும் வேறொரு மொழியைப் பிடித்துக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிப் பல நாடுகளில் பதிவுகள் உள்ளன. வீடியோவில் அதே குரல் அதே வாக்கியத்தை நூறு தடவையும் ஒரே மாதிரி சொல்லும், மனிதர்கள் அப்படிச் சொல்வதில்லை. அந்த மாறாத தன்மைதான் ஈர்க்கிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பேசுகிறதா என்பதல்ல, அந்தப் பேச்சால் ஏதாவது வேலை நடக்கிறதா என்பது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சொன்ன வாக்கியம், அது எந்த வீடியோவில் வருகிறது, சொன்னபோது என்ன நடந்துகொண்டிருந்தது. பத்து நாளில் ஒழுங்கு தெரியும். வெளியே கிளம்ப வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் "லெட்ஸ் கோ டு த ப்ளேக்ரவுண்ட்" என்று சொன்னால் அது வெற்று ஒப்பித்தல் இல்லை, கோரிக்கை. செருப்பை மாட்டி வாசலுக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது ஒரே ஒரு இடத்தை மாற்றிச் சொல்லுங்கள்: "லெட்ஸ் கோ டு த ஷாப்", இன்னொரு நாள் "லெட்ஸ் கோ டு தாத்தா ஹவுஸ்". முழுத் துண்டாகப் பிடித்துவைத்த வாக்கியம் உடைவது இப்படித்தான். அதே வாசலில், அதே நேரத்தில், "வா, வெளிய போலாம்" என்று தமிழும் காதில் விழட்டும். பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும். டப்பிங் கார்ட்டூனில் பிடித்த தமிழ் என்றால் "நான் செல்கிறேன்" என்றுதான் வரும், தெருவில் விளையாடும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

குழந்தை ஆங்கிலத்தில் கேட்டால் "தமிழ்ல சொல்லு" என்று மறுக்க வேண்டாம். கேட்டதைக் கொடுத்துக்கொண்டே தமிழில் ஒரு தடவை நீங்கள் சொன்னால் போதும்.

அட்டையில் தெரிகிறது, நிஜப் பொருளில் தெரியவில்லை

ஃப்ளாஷ் கார்டில் 'கப்' சரியாகச் சொல்கிறது, அடுப்படியில் இருக்கும் கப்பைக் காட்டினால் விழிக்கிறது. அட்டையில் குழந்தை எதைப் பார்க்கிறது என்று சோதியுங்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு அட்டையின் ஓரத்தை மட்டும் காட்டுங்கள். அப்போதும் "கப்" என்றால், மடங்கிய அந்த மூலையோ லேமினேஷனில் இருக்கிற குமிழியோதான் அதற்குக் கப். பல அம்சங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது ஆட்டிசத்தில் அடிக்கடி காணப்படுவது, 1971-லேயே அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு வார்த்தைக்கு மூன்று வெவ்வேறு படம், ஒரு நிஜப் பொருள், இரண்டு ஆள், இரண்டு இடம். படங்கள் இணையத்தில் எடுத்தவையாக இல்லாமல் உங்கள் வீட்டுக் கப், பக்கத்து வீட்டுக் கப், டீக்கடைக் கப் என்று போனில் எடுத்தவையாக இருந்தால் நல்லது. மூன்று அட்டையைப் பரப்பி வைக்கும்போது சரியான விடையின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். எப்போதும் வலது பக்க அட்டையையே எடுக்கும் குழந்தை இருக்கிறது, மூன்றில் ஒரு முறை அது சரியாகவும் அமைந்துவிடும்.

பத்துக்கு எட்டு சரி, தொடர்ந்து இரண்டு நாள், இரண்டு வெவ்வேறு ஆளிடம், எந்தக் குறிப்பும் இல்லாமல். இது வந்தால்தான் "தெரியும்" பட்டியலில் எழுத வேண்டும்.

இன்னொரு பெயர் சொன்னால் கோபம்

தண்ணீரைக் காட்டி "வாட்டர்" என்றால் கத்துகிறது, "தண்ணி! தண்ணி!" என்று திருத்துகிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்பது அதன் உறுதியான சட்டம். வாதாடிப் பயனில்லை. சட்டத்தை விரிவாக்கித் தர வேண்டும்: "மிஸ் வாட்டர்னு சொல்வாங்க, அம்மா தண்ணின்னு சொல்வாங்க." பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டதும் கோபம் தணியும். ஒரே படத்தின் கீழே நீலப் பட்டையில் ஆங்கிலமும் மஞ்சள் பட்டையில் தமிழும் எழுதி, எந்தப் பட்டையைத் தொடுகிறீர்களோ அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சண்டையே வராத வார்த்தைகளாகத் தேர்ந்தெடுங்கள். பஸ், சோப்பு, டீ, ஐஸ்க்ரீம், பிஸ்கட், பென்சில், பேக் என்று தமிழ்ப் பேச்சிலேயே இருக்கும் வார்த்தைகள் பதினைந்தாவது தேறும்.

எழுத்தெல்லாம் தெரியும், வார்த்தை படிக்க வரவில்லை

தமிழில் எழுத்தைச் சொன்னால் ஒலி வந்துவிடுகிறது. 'ப', 'ட' இரண்டையும் சேர்த்தால் 'பட'. அதே விதியை ஆங்கிலத்தில் போட்டால் "சீ, ஏ, டீ" என்றுதான் வரும், 'கேட்' (cat) வராது. குழந்தை தவறு செய்யவில்லை, விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது.

எழுத்தின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் கொடுங்கள். ஒலி வழியே வாசிக்கக் கற்பிக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் முதலில் வரும் s, a, t, i, p, n என்ற ஆறு எழுத்தே போதும், அவற்றை வைத்து நிறையக் குட்டி வார்த்தைகள் கட்டலாம். கண்ணாடியில் பார்த்தது போலிருக்கும் சின்ன 'b'யையும் சின்ன 'd'யையும் ஒரே மாதத்தில் கொண்டு வராதீர்கள்.

ஆங்கில வார்த்தைக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பன்றிக்கும் பெரியதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'. வேறுபாட்டைக் காதுக்கு முன் கைக்குக் காட்டுங்கள்: உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால், பன்றிக்கான சொல்லில் காகிதம் படபடக்கும், பெரியதற்கான சொல்லில் அசைவு மிகக் குறைவு. அசையும் காகிதம் இந்தக் குழந்தைகள் பலருக்குப் பிடிக்கும்.

விதிக்கு அடங்காத 'the', 'said', 'one' போன்றவற்றைச் சிவப்பு ஓரம் போட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். "இந்த டப்பால இருக்கிறதைப் பாத்ததும் சொல்லணும், கூட்டிப் படிக்கக் கூடாது." விதி மீறலுக்கும் ஒரு டப்பா இருக்கிறது என்றால் குழந்தை ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. நாலு வயதில் செய்தித்தாள் தலைப்பைப் படிக்கும், ஆனால் படித்ததைச் செய்யச் சொன்னால் தெரியாது. 1967 முதல் ஹைப்பர்லெக்சியா என்று அழைக்கப்படுவது இது. இந்தக் குழந்தைக்கு வாசிப்புப் பயிற்சி தேவையில்லை. "ஓபன் த பாக்ஸ்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெட்டிக்குள் பிடித்த பொருள் இருக்கட்டும். பிறகு இரண்டு பெட்டி, "ஓபன் த ரெட் பாக்ஸ்". நிறத்தைப் புரிந்துகொண்டால்தான் பொருள் கிடைக்கும். பேச்சில் பிடிபடாத இலக்கணமும் எழுத்தில் பிடிபடுவது இந்தக் குழந்தைகளுடைய பெரிய பலம்.

காதைப் பொத்திக்கொள்கிறது

நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ரைம்ஸ் கத்தும்போதா, ஸ்பீக்கர் போடும்போதா, 'ஸ்', 'ஷ்' ஒலிகளுக்கு மட்டுமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கூட்டு ஒப்பித்தல் என்றால் கதவோர இருக்கையும், காது மூடியும், தலையாட்டினால் போதும் என்ற அனுமதியும். ஸ்பீக்கர் என்றால் அதை அணைத்துவிட்டு நீங்களே தாழ்ந்த குரலில் பாடுங்கள். ஒலி என்றால் அந்த எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கையைப் பிடித்து விலக்குவது எந்த நிலையிலும் கூடாது.

நாம் தொடங்கினால்தான் வாய் திறக்கிறது

"வா…" என்று நீங்கள் சொன்னால் "வாட்டர்" வருகிறது, சொல்லாவிட்டால் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. உதவியைக் குறைக்காமல் அதிக நாள் விட்டதன் விளைவு. வாயால் தரும் உதவியை நிறுத்தி, படத்தாலோ எழுத்தாலோ தாருங்கள். அவற்றை மெல்ல மறைப்பது எளிது. காத்திருக்கும் நேரத்தை மூன்று, ஐந்து, எட்டு நொடி என்று கூட்டுங்கள். எட்டு நொடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் தாங்காது.

எழுதச் சொன்னால் எழுந்து ஓடுகிறது

விரல் வலு வேறு பாடம், மொழி வேறு பாடம். ஆங்கிலத்தை எழுத்துக் கட்டைகளாலோ விசைப்பலகையாலோ நடத்துங்கள். கையெழுத்தை ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) சொல்லும் பயிற்சிகளோடு தனியே மூன்று நிமிடம் வையுங்கள்.

தேர்வில் இரண்டு மொழி தாங்கவில்லை

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பாடத்திட்டத்திலும் தேர்விலும் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்ய வேண்டிய மாற்றங்களாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடைமுறை ஒவ்வொரு வாரியத்துக்கும் வேறுபடும். சான்றிதழும் விண்ணப்பமும் நகர நாளாகும் என்பதால் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். தேர்விலிருந்து விலக்கு வாங்கினாலும், கடையில் கேட்கவும் பலகை படிக்கவும் தேவையான ஆங்கிலத்தை நிறுத்த வேண்டியதில்லை.

வந்த வார்த்தைகள் காணாமல் போகின்றன

கோடை விடுமுறை முடிந்து வந்ததும் மறந்திருந்தால் பயம் வேண்டாம். புதிது எதுவும் இல்லாமல் மூன்று, நாலு நாள் பழையதை மட்டும் ஓட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். பள்ளியில் மட்டும், ஆங்கிலத்தில் மட்டும் நின்றுபோனால் பள்ளியில் எது மாறியது என்று பாருங்கள்: இருக்கை, மிஸ், பக்கத்தில் உட்காரும் பிள்ளை. யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். குழந்தை தானாகச் சொல்லாது.

இரண்டு மொழியிலும் வார்த்தைகள் குறைகின்றன என்றால் பாடத்தை நிறுத்திவிட்டு உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது, பல் வலி, மலச்சிக்கல், தூக்கம், புதிதாகத் தொடங்கிய மருந்து எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். அது கை கால் வெட்டி இழுப்பதாகத்தான் வரும் என்றில்லை. சில நொடி வெறித்த பார்வை, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமை, உதட்டைச் சப்புதல் என்றும் வரலாம். அப்படி நடக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். எத்தனை நொடி நீடித்தது, அதற்குப் பின் குழந்தை தூங்கியதா என்று குறித்துக்கொண்டு, நரம்பியல் மருத்துவரிடம் அந்த வீடியோவையே முதலில் காட்டுங்கள்.